வாசகர் கேள்வி – பதில்: பழைய இத்தாலியப் பேய்ப் படங்களை எப்படிப் பார்ப்பது?

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 1960, 70களில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் வந்த மலிவான பேய்ப் படங்கள் என்றால் எனக்கு உயிர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இது மட்டும்தான்.

கேள்வி: ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய இத்தாலியப் பேய்ப் படம் பார்த்தோம். ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது என்று மற்ற மூன்று பேரும் கடைசிவரை சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏனோ பிடித்திருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?
*(கல்லூரி மாணவர், மதுரை)*

முதலில் அந்த மூன்று பேர் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு படத்தைப் போடுங்கள் தம்பி. சிரிப்பதற்கென்றே உட்கார்ந்தால் எந்தப் படத்திலும் சிரிக்க இடம் இருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது.

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவிலிருந்து ஆரம்பியுங்கள். 1960-ல் வந்த 'பிளாக் சண்டே', கருப்பு வெள்ளை. பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். அவருடைய அப்பா யூஜெனியோ பாவா ஒரு சிற்பி, மௌனப் படக் காலத்திலேயே தந்திரக் காட்சிகள் எடுத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் கை எப்படி இருக்கும் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். சூனியக்காரி என்று தீர்ப்பான ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு இரும்பு முகமூடியை மாட்டப் போகிறார்கள், அதன் உள்பக்கம் முழுக்க ஆணிகள். கேமரா அந்தப் பெண்ணின் இடத்தில் நிற்கிறது. ஆணிகள் நம் முகத்தை நோக்கி மெல்ல வருகின்றன. அப்புறம் ஒரு பெரிய சம்மட்டி. இந்தப் படத்தை இங்கிலாந்தில் 1968 வரை திரையிட விடவில்லை.

ஆனால் என்னை இந்த உலகத்துக்குள் இழுத்தது அதற்கும் முந்தைய ஒரு காட்சி. 1957-ல் ரிக்கார்டோ ஃப்ரேடா இயக்கிய 'இ வாம்பிரி'. அவர் இடையில் விட்டுப் போய்விட, மீதியை எடுத்து முடித்தவர் அதன் ஒளிப்பதிவாளரான பாவா. அதில் ஒரு அழகான சீமாட்டி நம் கண் முன்னாலேயே கிழவியாகிறாள். ஷாட் வெட்டப்படவே இல்லை. அதே முகம், அதே ஷாட், நிற்கும்போதே கன்னம் குழிந்து, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து, உதட்டோரம் கோடுகள் ஓடுகின்றன. இதை எப்படிச் செய்தார்கள் என்றால், சுருக்கங்களையெல்லாம் முன்பே சிவப்பு மேக்கப்பில் முகத்தில் வரைந்துவிட்டார்கள். விளக்குக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் இருக்கும்வரை அந்தச் சிவப்புக் கோடுகள் ஃபிலிமில் பதியாது, தோலோடு தோலாகப் போய்விடும். ஃபில்டரைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மெல்ல மாற்றினால் அதே கோடுகள் கரேலென்று எழுந்து வரும். கருப்பு வெள்ளையில் நிறம் மாறுவது நமக்குத் தெரியாது, முகம் மாறுவது மட்டும் தெரியும்! தந்திரம் பாவா கண்டுபிடித்ததல்ல, ஹாலிவுட்டில் 1931-லேயே செய்திருக்கிறார்கள். ஆனால் கையில் காசும் நாளும் இல்லாத ஒரு படப்பிடிப்பில் இதை நினைவுவைத்து, இவ்வளவு சுத்தமாகச் செய்ததைப் பார்த்தபோதுதான் இந்தப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. கதையோடு போய்க்கொண்டிருக்கும்போதே, பின்னால் வேலை செய்கிற கையையும் பார்க்க வேண்டும்.

பாவா ஒரு விண்வெளிப் படமும் எடுத்திருக்கிறார், 1965-ல், 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்'. அந்த அந்நியக் கிரகம் மொத்தத்துக்கும் தன்னிடம் இருந்தது ஏதோ ஒரு புராணப் படத்தில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் என்று பாவாவே சொல்லியிருக்கிறார். அந்த இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, தரை முழுக்கப் புகையை விட்டு, பச்சையும் ஊதாவும் சிவப்புமாக விளக்கடித்து ஒரு கிரகத்தையே காட்டிவிட்டார். உங்கள் நண்பர்கள் பார்த்துச் சிரித்த படத்திலும் இப்படி ஏதாவது இரண்டு பாறை இருந்திருக்கும், அதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 'ஜல்லோ' என்று எழுதுகிறார்களே, அது என்ன வகை?
*(வாசகி, கோவை)*

ஜல்லோ என்றால் இத்தாலியனில் மஞ்சள். மொண்டடோரி என்ற பதிப்பகம் 1929-லிருந்து துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு விற்றது. நாளடைவில் கொலைக்கதை என்றாலே மஞ்சள் என்று ஆகிவிட்டது. இத்தாலிக்காரர்களுக்கு இன்றும் எந்த மர்மக் கதையும் ஜல்லோதான். வெளியே இருக்கும் நாம் அந்தச் சொல்லை ஒரு குறிப்பிட்ட படவகைக்கு வைத்துக்கொண்டோம்: கருப்புக் கையுறை போட்ட, முகம் தெரியாத கொலையாளி, பகட்டான வீடுகள், அடிக்கிற நிறங்கள், கேட்டால் தூங்கவிடாத இசை. பாவா 1963-லும் 64-லும் எடுத்த இரண்டு படங்களில் இது தொடங்குகிறது. 1970-ல் டாரியோ ஆர்ஜென்டோ தன் முதல் படமான 'தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ்' எடுத்தபிறகு பெருவெள்ளம்.

அந்தப் படத்தின் ஆரம்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ரோமில் இரவு. தெருவில் நடந்துபோகிற ஒருவன் ஒரு ஓவியக் கூடத்துக்குள் யாரோ ஒரு பெண்ணோடு மல்லுக்கட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். காப்பாற்ற ஓடுகிறான், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறான், இரண்டுமே கண்ணாடி. முன்னால் அந்தப் பெண் ரத்தத்தோடு தரையில் ஊர்ந்து கை நீட்டுகிறாள், பின்னால் தெரு. அவனால் பார்க்க மட்டும்தான் முடியும், நம்மைப் போலவே. அப்புறம் படம் முழுக்க அவன் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறான், ஏதோ ஒன்று இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. கண் சரியாகத்தான் பார்த்தது, மனசு அதற்குத் தப்பாக அர்த்தம் கொடுத்துவிட்டது. ஆர்ஜென்டோவின் நல்ல படங்கள் எல்லாமே இந்த ஒரு முடிச்சில் நிற்பவை. 1975-ல் வந்த 'டீப் ரெட்' படத்தில் விடையை நமக்கே ஒரு கணம் காட்டிவிட்டுப் போய்விடுகிறார், நாமும் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். அது எந்தக் கணம் என்று யாராவது முன்பே சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ரொம்பப் பயம். பகலில் பார்த்தால் பரவாயில்லையா?
*(வாசகி, யாழ்ப்பாணம்)*

தாராளமாக. ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிடுங்கள். பாவாவின் கருப்பு வெள்ளைப் படங்களில் வேலை முழுக்க இருட்டான மூலைகளில்தான் நடந்திருக்கிறது, வெளிச்சம் அடித்தால் அது தெரியாமல் போய்விடும்.

கேள்வி: 'சஸ்பீரியா' பார்த்தேன். கதை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தச் சிவப்பும் நீலமும் இரண்டு நாள் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நிறம் ஏன் வேறு படங்களில் இல்லை?
*(ஓவிய ஆசிரியர், கும்பகோணம்)*

நீங்கள் ஓவியம் கற்றுத்தருபவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1977-ல் வந்த இந்தப் படத்தை ஆர்ஜென்டோவும் ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலியும் எடுத்தது சாதாரண கோடக் ஃபிலிமில்தான். பிரிண்ட் போட்ட முறைதான் வேறு. டெக்னிகலர் என்ற நிறுவனத்தின் பழைய சாய முறை. படத்தை மூன்று நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு ரீல் செய்து, அதில் சாயத்தை ஊறவைத்து, வெற்று ஃபிலிமின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும்போது ஒரு நிறம் ஓட்டி, அதன் மேல் அடுத்த நிறம் ஓட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். அப்போதே பெரும்பாலான இடங்களில் இந்த முறையைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள், ரோமில் இருந்த டெக்னிகலர் லேபில் அந்த இயந்திரம் மிச்சமிருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த சிவப்பு, ஃபிலிமுக்குள் ஊறிய சாயம்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது ஒரு மோசமான விசிடியில், சிவப்பு எல்லாம் வெளுத்து ரோஸ் நிறத்தில் இருந்தது, இதற்கா இவ்வளவு பேசுகிறார்கள் என்று எடுத்து வைத்துவிட்டேன். பல வருடம் கழித்து மீட்டெடுத்த பதிப்பில் பார்த்தபோது முதல் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தேன். மழை, விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு, டாக்ஸி, கண்ணாடியில் வழியும் நிறங்கள். காப்ளின் என்ற குழுவின் இசை, மணியோசையும் யாரோ காதருகே முணுமுணுப்பது போன்ற குரலுமாக. அந்த இசையின் ஒரு வடிவத்தை முன்பே தயார் செய்து படப்பிடிப்பிலேயே சத்தமாக ஓடவிட்டு நடிகர்களை மிரள வைத்தார்கள்.

இன்னொரு விஷயம், அடுத்த முறை பார்க்கும்போது கதவுகளைக் கவனியுங்கள். கைப்பிடிகள் வழக்கத்தைவிட உயரத்தில், கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக இருக்கும். அந்த நடனப் பள்ளியில் படிப்பவர்கள் சின்னக் குழந்தைகள் என்றுதான் ஆர்ஜென்டோ முதலில் நினைத்திருந்தார். குழந்தைகளை வைத்து இவ்வளவு கொடூரமான படமா என்று தயாரிப்புத் தரப்பு மறுக்க, பெரிய பெண்களை நடிக்க வைத்துவிட்டு, கைப்பிடிகளை மட்டும் உயரத்தில் வைத்தார். வளர்ந்த பெண் ஒருத்தி கையை உயர்த்திக் கதவைத் திறக்கும்போது, ஏனென்று தெரியாமலே அவள் குழந்தையாகிவிடுகிறாள். கதை பெரிதாக இல்லை என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்குச் சொல்கிற சூனியக்காரிக் கதைதான் அது. அந்தக் கதையைச் சுவரும் கதவும் சாயமும் சேர்ந்து சொல்கின்றன.

கேள்வி: வாயசைவும் குரலும் ஒட்டவே இல்லையே? ஒரிஜினல் மொழியில் பார்க்க எந்த ஆடியோவைத் தேர்ந்தெடுப்பது?
*(மென்பொருள் ஊழியர், சென்னை)*

பல படங்களுக்கு நீங்கள் தேடுகிற அந்த ஒரிஜினல் மொழி என்ற ஒன்றே இல்லை. அந்தக் கால இத்தாலியில் குரலைப் படப்பிடிப்பில் பதிவுசெய்ய மாட்டார்கள், எல்லாம் பிறகு டப்பிங்தான். பணம் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி என்று பல நாட்டிலிருந்து வரும், நடிகர்களும் அப்படியே. ஒரே காட்சியில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்பார், எதிரில் நிற்பவர் இத்தாலியனில் பதில் சொல்வார். 'பிளாக் சண்டே' நாயகி பார்பரா ஸ்டீல் ஆங்கிலேயர், அவர் நடித்த இத்தாலியப் படங்களில் கேட்கும் குரல் பெரும்பாலும் அவருடையது இல்லை. நாயகிக்கு வேறொருவர் குரல் கொடுத்துக் கேட்டே வளர்ந்த நமக்கு இது ஒரு குறையாகவே தோன்றக் கூடாது.

நடைமுறையில், வெளிநாட்டு நாயகன் நாயகி இருக்கும் படங்களை ஆங்கிலத்திலும், இத்தாலியக் கிராமத்தில் நடக்கும் கதைகளை இத்தாலியனிலும் பார்க்கிறேன். 'டீப் ரெட்' மட்டும் விதிவிலக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 20 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள், அந்த வெட்டுப்பட்ட பகுதிகளுக்கு ஆங்கிலக் குரலே கிடையாது. முழுப் படம் வேண்டுமென்றால் இத்தாலியன்தான்.

கேள்வி: ஒரே படத்துக்கு நாலு பெயர், ஒரே இயக்குநருக்கு இரண்டு பெயர். ஏன் இந்தக் குழப்பம்?
*(வாசகர், சேலம்)*

வியாபாரம்தான். 'இ வாம்பிரி' சொந்த நாட்டில் ஓடவில்லை. பேய்ப் படமென்றால் ஆங்கிலேயர்கள் எடுக்க வேண்டும் என்று மக்கள் நினைக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் முடிவுகட்ட, அடுத்த படங்களில் ஃப்ரேடா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார், பாவா 'ஜான் எம். ஓல்ட்' ஆனார், அந்தோனியோ மார்கெரிட்டி 'ஆண்டனி எம். டாசன்' ஆனார். ஒரு படம் ஓடினால் அதே பாதையில் வரிசையாக முப்பது படம் வரும், அதை அங்கே 'ஃபிலோனே' என்பார்கள், தாது ஓடும் கோடு என்று பொருள். அமெரிக்க 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் 'ஸாம்பி' என்ற பெயரில் ஓடியதால், அதற்குச் சம்பந்தமே இல்லாத லூச்சோ ஃபுல்சியின் 1979 படம் 'ஸாம்பி 2' ஆகிவிட்டது. அதில் கடலுக்கடியில் பிணம் ஒன்று சுறாவோடு மல்லுக்கட்டும். சுறா நிஜம்.

கேள்வி: இந்தப் படங்களில் பெண்களைத் துரத்துவதும் ஆடை களைவதும் குத்துவதும்தானே நடக்கிறது? கலை என்று சொல்லி இதை ரசிக்கச் சொல்கிறீர்களா?
*(பேராசிரியை, திருநெல்வேலி)*

ரொம்ப நாளாக எனக்குள்ளும் இருக்கிற கேள்வி இது. நீங்கள் சொல்வது உண்மை. பெண்ணுடம்பைக் காட்டித்தான் பாதிப் படங்களை விற்றார்கள், வலிய வலிய அதைக் காட்டுகிற படங்கள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவற்றை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பழையது என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை நமக்கு இல்லை. 1980-ல் ருஜ்ஜேரோ தியோதாத்தோ எடுத்த 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படத்தைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். நடிகர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது என்ற கதையையும் சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு ஆமை உட்படப் பல உயிர்களைக் கேமராவுக்காக நிஜமாகவே கொன்றிருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 1971-ல் ஃபுல்சி எடுத்த ஒரு படத்தில் நெஞ்சு கிழிக்கப்பட்ட நாய்கள் இதயம் துடிக்கக் கிடப்பதாக ஒரு கணநேரக் காட்சி. நிஜ நாய்களை அறுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார்கள். அந்த நாய்களைச் செய்த கார்லோ ரம்பால்டி தான் செய்த பொம்மையை நீதிமன்றத்துக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார், ஃபுல்சி தப்பினார். பின்னால் 'ஈ.டி.' படத்தின் அந்த வேற்றுக்கிரகக் குழந்தையைச் செய்து ஆஸ்கர் வாங்கியது இதே ரம்பால்டிதான். எதையும் கொல்லாமல் கொன்றதாக நம்ப வைப்பதுதான் இந்தத் தொழில், அதில் அவர் ராஜா.

உங்கள் கேள்விக்கு நான் பதிலாகக் காட்ட விரும்பும் படம் 1972-ல் ஃபுல்சி எடுத்த 'டோன்ட் டார்ச்சர் எ டக்லிங்'. தென்னித்தாலியில் ஒரு மலைக்கிராமம், சிறுவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண், ஃப்ளோரிண்டா போல்கன் நடித்தது, சூனியக்காரி என்று பெயர் வாங்கியவள். கொலை செய்யவில்லை என்று போலீஸ் விட்டுவிட்ட பிறகும், ஆண்கள் நாலைந்து பேர் கல்லறைத் தோட்டத்தில் அவளைச் சங்கிலியால் அடிக்கிறார்கள். கார் ரேடியோவில் ஒரு இனிமையான காதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அடித்தவர்கள் போய்விடுகிறார்கள். அவள் ஊர்ந்து ஊர்ந்து மலையேறிப் புதிதாகப் போட்ட நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்துவிடுகிறாள். விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் காரில் கடந்து போகின்றன, ஒரு குழந்தை ஜன்னல் வழியே பார்க்கிறது, யாரும் நிறுத்தவில்லை. ரத்தம் நிறைய இருக்கிற காட்சிதான், பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கேமரா அடிப்பவர்களோடு நிற்கவில்லை, அவளோடு தரையில் கிடக்கிறது. ஊரின் மூடநம்பிக்கை ஒரு பக்கம் அடித்தது, நவீன காலம் இன்னொரு பக்கம் கண்டுகொள்ளாமல் போனது. இதைத் தலைப்பில் வாத்துக்குஞ்சைப் போட்டு விற்கிற ஒரு மலிவுப் படத்துக்குள் வைத்தார் அந்த மனுஷன். நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள், மறுத்து எழுதினாலும் போடுகிறேன்.

கேள்வி: இத்தாலி தவிர வேறு எங்கும் இல்லையா?
*(வாசகர், கோலாலம்பூர்)*

இருக்கிறதே. பிரான்சில் ஜார்ஜ் ஃப்ரான்ஜு 1960-ல் எடுத்த 'ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்' படத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். விபத்தில் முகம் போன மகளுக்காக வேறு பெண்களின் முகத்தைத் திருடும் ஒரு டாக்டர். மகளாக எடித் ஸ்காப், படத்தின் பெரும்பகுதி வழுவழுப்பான வெள்ளை முகமூடிக்குள், கண் மட்டும் உயிரோடு. அதே பிரான்சில் ழான் ரோலான் என்றொருவர், கையில் காசே இல்லாமல் கடற்கரையில் காட்டேரிகளை உலவவிட்டவர். தியெப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கூழாங்கல் கடற்கரை அவருடைய படத்துக்குப் படம் வரும். மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும்.

ஸ்பெயினில் அப்போது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். பளு தூக்கும் வீரராக இருந்து நடிக்க வந்த பால் நாஸ்சி 1968-ல் ஒரு ஓநாய் மனிதன் கதை எழுதினார். ஸ்பானியன் எவனும் ஓநாயாக மாற மாட்டான் என்று சென்சார் சொன்னதால் அந்தப் பாத்திரம் போலந்துக்காரன் ஆகிவிட்டது. இன்னொருவர் அமாந்தோ தெ ஒஸோரியோ. அவர் படைத்த பிணங்கள் கண் இல்லாத பழைய போர்வீரர்கள், குதிரை மேல் மெதுவாக, ஸ்லோ மோஷனில் வருவார்கள். சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணின் இதயத் துடிப்பு அவர்களுக்குக் கேட்டுவிடுகிறது. அதற்கு என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

கேள்வி: இன்று இரவு ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?
*(இரவுப் பணி முடிந்து எழுதும் செவிலியர், வேலூர்)*

பாவாவின் 'பிளாக் சாபத்', 1963. மூன்று சின்னக் கதைகள். ஒன்றில் ஒரு நர்ஸ் வருகிறாள், இறந்துபோன கிழவியின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், அப்புறம் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பணி முடிந்த களைப்பில் இதைப் பார்க்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழவியின் முகம் மெழுகு, செய்து கொடுத்தது இயக்குநரின் அப்பா, அதே சிற்பி யூஜெனியோ.

இத்தாலியப் பதிப்பாகத் தேடிப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் கதைகளின் வரிசையை மாற்றி, இசையையும் மாற்றி, முடிவையும் எடுத்துவிட்டார்கள். அந்த முடிவில் நடிகர் போரிஸ் கார்லாஃப் இருட்டில் குதிரை மேல் பாய்ந்து வருகிறார், மரக்கிளைகள் சரசரவென்று முகத்தைத் தாண்டிப் போகின்றன, நம்மிடம் விடைபெற்றுப் பேசுகிறார். கேமரா மெல்லப் பின்னால் போகிறது. அது ஒரு பொம்மைக் குதிரை. அதைச் சுற்றி நாலைந்து பேர் கையில் ஆளுக்கொரு கிளையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.